கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா? - டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போட்ட பாதை

ஜூலை 30-ம் தேதி தமிழ்நாட்டில் மருத்துவமனை தினம். கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்திலும் அதே பெயர்தான். 2019-ல் கூகுள் முகப்பில் டூடுலாக வந்ததும் அவர்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அவர் ஒரு மார்க் கேள்வி. முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர், முதல்... முதல்... என்று நீளும் பட்டியல்.

அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதலில் நுழைந்தவர் என்று தெரியும். நுழைந்த பிறகு என்ன செய்தார் என்பது மறந்துபோகும். முத்துலட்சுமியின் 81 வருட வாழ்க்கையை நிதானமாகப் பார்த்தால், அவர் கதவைத் திறந்துவிட்டதோடு நின்ற ஆளே இல்லை. உள்ளே வந்தவர்கள் பாதியிலேயே திரும்பிப் போகாமல் இருக்க என்ன வேண்டும் என்று தேடித் தேடிச் செய்தவர். இன்றைக்கு ஒரு ஏழைப் புற்றுநோயாளி சிகிச்சையை முழுசா முடிக்கிறாரா, நடுவிலேயே விட்டுட்டு ஊருக்குப் போயிடுறாரா என்ற கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

புதுக்கோட்டையில் ஒரு திரை

1886-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவரது உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். சாதி, கோயில், குடும்பம் என்று பெரியவர்கள் பேசுவதன் அர்த்தம் என்ன என்பது அந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே புரிந்திருக்கும். நடிகர் ஜெமினி கணேசனும் இந்தக் குடும்பம்தான். முத்துலட்சுமி அவருக்கு அத்தை.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று முத்துலட்சுமியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் தகவல் சரியல்ல. அவர் பிறந்த அதே 1886-ல்தான் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் காதம்பினி கங்குலி மருத்துவரானதும் அதே வருடம். முத்துலட்சுமியின் பெருமைக்கு இல்லாத பட்டம் எதுவும் தேவையில்லை. இருப்பதே நிறைய.

வயதுக்கு வந்த பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பக் கூடாது என்பது அந்தக் காலத்து எழுதப்படாத சட்டம். முத்துலட்சுமிக்கும் பள்ளி நின்றது. படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது. 1902-ல் மெட்ரிகுலேஷன் பாஸ். அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டும். ஒரு பெண், அதுவும் தேவதாசி மரபில் வந்தவரின் மகள், பையன்களோடு உட்கார்ந்து படிப்பதா என்று ஊர் கொதித்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். உதவித்தொகையும் கொடுத்தார். வகுப்பில் மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவே திரை போட்டார்கள்.

யோசிச்சுப் பாருங்க. மூளையும் உழைப்பும் முத்துலட்சுமியுடையதுதான். ஆனால் அது மட்டும் இருந்திருந்தால் அவர் கல்லூரி வாசலைக்கூடத் தாண்டியிருக்க முடியாது. மகள் படிக்கட்டும் என்று நின்ற அப்பா, வீட்டில் கற்றுத்தந்த ஆசிரியர்கள், உத்தரவு போட்ட மன்னர், கையில் உதவித்தொகை. இத்தனையும் ஒரே நேரத்தில் ஒருவர் பக்கம் சேர்ந்ததால்தான் படிப்பு முடிந்தது. இதில் ஏதாவது ஒன்று கழன்றிருந்தாலும், நன்றாகப் படித்துப் பாதியில் நின்றுபோன எத்தனையோ பெண்களில் அவரும் ஒருவராகியிருப்பார்.

டாக்டர், மனைவி, அக்கா

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் தங்கப் பதக்கங்களோடு பட்டம். தொடர்ந்து அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு திருமணம். அதற்கு முன்பே முத்துலட்சுமி அவரிடம் நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது. இன்றைக்கும் பல வீடுகளில் பேசத் தயங்கும் விஷயத்தை, நூறு வருடத்துக்கு முன்பே பேசி முடித்துவிட்டுத்தான் மணமேடைக்குப் போயிருக்கிறார்.

நல்ல பிராக்டீஸ், இரண்டு மகன்கள், நகரத்தில் மரியாதை. இந்த நேரத்தில்தான் அவரது தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோனது. அக்கா மருத்துவர், மாமா மருத்துவர். சென்னையில் பெரிய டாக்டர்கள் எல்லோரையும் தெரியும். இவ்வளவு இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. இளம் வயது மரணம்.

அந்த நாளில் புற்றுநோய் என்றால் என்ன அர்த்தம் என்று இன்றைய தலைமுறைக்குச் சொன்னால்தான் புரியும். தென்னிந்தியாவில் இதற்கென்று தனி மருத்துவமனை கிடையாது. வியாதியின் பெயரை வீட்டில் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். தொற்றிக்கொள்ளும் என்று பயந்தவர்கள் உண்டு, பாவத்தின் பலன் என்று நம்பியவர்களும் உண்டு. ஒரு மருத்துவரின் வீட்டுக்கே இந்தக் கதி என்றால், கிராமத்தில் வயல் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும்?

1925-ல் அரசு உதவித்தொகையில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனார். போனது பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றிப் படிக்க. புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடத்த முடியும் என்பதையும், நேரத்தோடு வந்தால் நோயாளிகள் பிழைக்கிறார்கள் என்பதையும் அங்கே பார்த்தார். ஊருக்குத் திரும்பும்போது அந்த எண்ணமும் கூடவே வந்தது. அது நிஜமாக இன்னும் கிட்டத்தட்ட 30 வருடங்கள் ஆகும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

சட்டம் போட்டாச்சு, அப்புறம்?

திரும்பி வந்தவருக்கு வேறு வேலை காத்திருந்தது. இந்திய மாதர் சங்கத்தின் அழைப்பை ஏற்று 1926-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் நுழைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண். அடுத்த வருடமே அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வானார்.

1927-ல் தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அது. இந்த வழக்கம் என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. அம்மா பிறந்த மரபு அது.

இங்கே கதை ஒரே நேர்கோட்டில் போகவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் பலர் இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். இசையும் நடனமும் எங்கள் கலை, கோயில் மானிய நிலம் எங்கள் சோறு, எங்களைக் கேட்காமல் எங்கள் வாழ்க்கையை எப்படி முடிவு செய்யலாம் என்பது அவர்கள் வாதம். அதே மரபில் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்புக்கு ஆதரவாக நின்றார். புதுமைப் பெண் திட்டத்தின் முழுப் பெயரில் இருக்கிறாரே, அவர்தான். எதிர்த்தவர்களின் கேள்வியை வரலாற்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் எடுத்துப் பேசுகிறார்கள். அது நியாயமான கேள்வி. ஒரு வழக்கத்தை ஒழிப்பது ஒரு வேலை. அதை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மாற்று வாழ்க்கை கொடுப்பது இன்னொரு வேலை.

அந்த இரண்டாவது வேலையையும் முத்துலட்சுமி விட்டுவிடவில்லை. 1929-ல் அவரது முயற்சியில் வந்த சட்டத் திருத்தம், கோயில் சேவையிலிருந்து பெண்களை விடுவித்தது. சேவை செய்யாவிட்டாலும் மானிய நிலம் அவர்கள் கையிலேயே இருக்கும் என்றும் சொன்னது. கோயிலை விட்டு வெளியே வா, ஆனால் வயிற்றுக்கு நீயே பார்த்துக்கொள் என்று அனுப்பிவிடவில்லை. எல்லாப் பெண்களிடமும் நிலம் இல்லை, எல்லா இழப்பையும் நிலத்தால் ஈடுகட்டவும் முடியாது. அதுவும் உண்மை. பொட்டுக் கட்டுவதை முழுவதுமாகத் தடை செய்யும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

1930-ல் காந்தி கைது செய்யப்பட்டபோது எதிர்ப்பு தெரிவித்துப் பதவியை ராஜினாமா செய்தார் முத்துலட்சுமி.

அந்தச் சமயத்தில், தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சில இளம்பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். உங்கள் பேச்சைக் கேட்டு வந்துவிட்டோம், இனி எங்கே போவது என்ற நிலை. அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயாராக இல்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுதான் அவ்வை இல்லம்.

சாப்பாடும் பாயும் கொடுத்து அனுப்பிவைக்கும் இடமாக அது இருக்கவில்லை. படிக்க வைத்தார்கள். ஆசிரியர், நர்ஸ் என்று தொழிலுக்குத் தயார்படுத்தினார்கள். பள்ளி வந்தது, ஆசிரியர் பயிற்சியும் வந்தது. சட்டத்தால் வெளியே வர முடிந்தது. தன் காலில் நிற்கும் வரை கூட நின்றது இந்த வீடு. அவ்வை இல்லம் அடையாறில் இன்றும் இயங்குகிறது.

மருந்து ரெடி, நோயாளி எங்கே?

அவ்வை இல்லத்தை நடத்தியவர்தான் பிறகு புற்றுநோய் மருத்துவமனை கட்டினார். இரண்டும் வேறு வேறு துறை மாதிரி தெரியும். ஆனால் புற்றுநோய் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், இரண்டும் ஒரே மாதிரியான வேலை என்று புரியும்.

காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற மாதிரி இல்லை இது. ரேடியேஷன் என்றால் வழக்கமாக வாரத்துக்கு 5 நாள், இப்படியே 5 முதல் 7 வாரம். தினமும் சில நிமிடம்தான். ஆனால் தினமும் வரணும். கீமோதெரபி என்றால் சில வார இடைவெளியில் பல சுற்றுகள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு 2 முதல் 3 வருடம் வரை சிகிச்சை தொடரும்.

நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? அடிபட்ட புற்றுசெல்கள், இடைவெளி கிடைத்ததும் மறுபடி பெருக ஆரம்பிக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மொத்த ரேடியேஷனையும் 8 வாரத்துக்குள் முடிக்கணும் என்று மருத்துவர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். நாள் தள்ளத் தள்ளக் குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பாதி சிகிச்சை பாதிப் பலன் கொடுக்கும் என்று கணக்குப் போட முடியாது. சில நேரம் பட்ட கஷ்டம் மொத்தமும் வீணாகிவிடும்.

சரி, நோயாளிகள் ஏன் பாதியில் விடுகிறார்கள்? பல வீடுகளில் பிரச்னை மருந்தில் இல்லை. சிகிச்சை இலவசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வரும் அம்மாவுக்கு பஸ் சார்ஜ் யார் கொடுப்பது? 6 வாரம் சென்னையில் எங்கே தங்குவது? கூட வரும் மகனுக்குத் தினக்கூலி போச்சு. வீட்டில் பேத்தியை யார் பார்த்துக்கொள்வது? முதல் 2 வாரத்தில் வலி குறைந்ததும், சரியாப்போச்சு என்று கிளம்புகிறவர்கள் உண்டு. வாய்ப்புண் வந்து, முடி கொட்டியதும், இதுக்கு நோயே பரவாயில்லை என்று பயந்து போகிறவர்களும் உண்டு. எந்த கவுன்ட்டரில் எந்தத் தாளைக் கொடுக்கணும் என்று தெரியாமலேயே திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, சிகிச்சை முடியணும் என்றால் டாக்டர் மட்டும் போதாது. படுக்கை, சாப்பாடு, பயணம், பணம், தைரியம், தகவல் எல்லாம் ஒன்றோடொன்று கோத்து இருக்கணும். முத்துலட்சுமி படித்து முடித்தது இப்படித்தான். அவ்வை இல்லத்துப் பெண்கள் படித்து முடித்ததும் இப்படித்தான்.

எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. அந்த மேடையில் முத்துலட்சுமி புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். கைதட்டல் கிடைத்தது. மருத்துவமனை கிடைக்கவில்லை. பிறகு உலகப் போர், பஞ்சம், சுதந்திரம், பிரிவினை. மும்பையில் 1941-லேயே டாடா மெமோரியல் மருத்துவமனை திறக்கப்பட்டது. தெற்கில் ஒன்றும் நகரவில்லை.

அரசு வட்டாரங்களில் அவர் சந்தித்த மனநிலை ஒன்றுதான். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற அலட்சியம். கல்நெஞ்சம் என்று ஒரே வார்த்தையில் திட்டிவிடலாம். ஆனால் அது ஒரு சுழற்சி. நோய் முற்றிய பிறகுதான் நோயாளிகள் வந்தார்கள், அதனால் இறந்தார்கள். இறந்ததைப் பார்த்தவர்கள், சிகிச்சையால் பலன் இல்லை என்று நம்பினார்கள். நம்பியதால் மருத்துவமனை வரவில்லை, மருத்துவமனை இல்லாததால் நோயாளிகள் முற்றிய பிறகே வந்தார்கள். இந்தச் சுழலை எங்கேயாவது அறுக்கணும்.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அரசு தரும் வரை காத்திருக்காமல் மக்களிடம் கேட்பது என்று முடிவு. அப்போது அவருக்கு வயது 63. சட்டமன்றத்தில் பட்ஜெட்டையே விவாதித்தவர், நிதி கேட்டு மனிதர்களைத் தேடிப் போனார். வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்ற மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தோள் கொடுத்தார். 1952 அக்டோபர் 10-ம் தேதி அடையாறில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார்.

1954 ஜூன் 18. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வேலையைத் தொடங்கியது. ஒரே ஒரு கட்டடம். 12 படுக்கைகள். அவ்வளவுதான். ஆரம்ப வருடங்களில் மொத்தப் பொறுப்பையும் இழுத்துச் சென்றவர்கள் இரண்டே டாக்டர்கள். ஒருவர் கிருஷ்ணமூர்த்தி. இன்னொருவர் 1955-ல் வந்து சேர்ந்த இளம் மருத்துவர் வி.சாந்தா. கைநிறையச் சம்பளம் கிடைத்திருக்கக்கூடிய வழிகளை விட்டுவிட்டு வந்த சாந்தா, 2021-ல் இறக்கும் வரை அதே வளாகத்திலேயே வாழ்ந்தார்.

தங்கை இறந்து ஏறத்தாழ 30 வருடம், மேடையில் கேட்டு 19 வருடம். முத்துலட்சுமிக்கு அப்போது 68 வயது நிறையப்போகிறது. பலர் ஓய்வு பெற்று 10 வருடம் ஆகியிருக்கும் வயது.

12 படுக்கையிலிருந்து

அது லாபத்துக்காக நடத்தப்படும் மருத்துவமனை இல்லை. பணம் இருப்பவருக்கு ஒரு வரிசை, இல்லாதவருக்கு ஒரு வரிசை என்று பிரிக்காமல் ஒரே தரத்தில் சிகிச்சை என்பதுதான் அதன் அடிப்படை. கட்ட முடிந்தவர் கட்டலாம், முடியாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. சொல்வது ஈஸி. மாசக் கடைசியில் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும், இது எவ்வளவு பெரிய பிடிவாதம் என்று.

ஏழைகளுக்குத்தானே, இது போதும் என்ற பேச்சும் அங்கே இல்லை. 1957-ல் கோபால்ட் 60 என்ற கதிர்வீச்சுக் கருவி வந்தது. இந்தியாவிலேயே முதல் கருவி, கனடாவின் கொடை. பழைய எக்ஸ்ரே கருவிகளின் கதிர் தோலைச் சுடும், ஆழத்தில் இருக்கும் கட்டியைச் சரியாக எட்டாது. கோபால்ட் கதிர் ஆழமாகப் போகும், தோலுக்குச் சேதமும் குறைவு. தாங்க முடியாத புண் வராமல் இருந்தால் நோயாளி நடுவில் ஓட மாட்டார். நல்ல கருவி என்பது ஆடம்பரம் கிடையாது, சிகிச்சையை முடிக்க வைக்கும் இன்னொரு வழி. 1960-ல் குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கினார்கள். நாட்டிலேயே அது முதல்.

1956-ல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் வந்தது. 1968 ஜூலை 22-ம் தேதி அவர் மறைந்தார். 82-வது பிறந்தநாளுக்கு இன்னும் 8 நாள் இருந்தது.

தலைவர் போன பிறகு தடுமாறும் நிறுவனங்கள் நிறைய. இது தடுமாறவில்லை. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதைப் பெரிய சிகிச்சை, ஆராய்ச்சி மையமாக வளர்த்தார்கள். 2005-ல் சாந்தாவுக்கு மகசேசே விருது. எத்தனை விருது வந்தாலும், பணம் இல்லை என்பதற்காக ஒரு நோயாளி சிகிச்சையை இழக்கக் கூடாது என்ற முதல் நாள் விதி மட்டும் மாறவில்லை.

இதுக்கு இப்போ ஒரு பெயர் இருக்கு

1990-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஹெரால்டு ஃப்ரீமன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு திட்டம் தொடங்கினார். அவரிடம் வந்த ஏழைப் பெண்கள் பலர், மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே வந்தார்கள். சந்தேகம் வந்ததிலிருந்து சிகிச்சை முடியும் வரை ஒவ்வொரு நோயாளிக்கும் வழிகாட்ட ஓர் ஆளைப் போட்டார். அப்பாயின்ட்மென்ட், இன்ஷூரன்ஸ், போக்குவரத்து, பயம் என எது தடுத்தாலும் அதை எடுத்துவிடுவது அந்த ஆளின் வேலை. பேஷன்ட் நேவிகேஷன் என்று அதற்குப் பெயர். இன்று உலகம் முழுக்க இந்த முறை பரவியிருக்கிறது.

முத்துலட்சுமிக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் அவ்வை இல்லத்துக்குக் கதவைத் தட்டி வந்த பெண்ணின் கையைப் பிடித்து, அவள் வேலைக்குப் போகும் வரை விடாமல் இருந்தது அதே வேலைதான். தனக்குப் புதுக்கோட்டையில் கிடைத்ததை, கிடைக்காதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றும் சொல்லலாம்.

உங்க வீட்டுப் பக்கத்தில் யாராவது இருந்தால்...

முத்துலட்சுமி காலத்தில் இல்லாத சில வசதிகள் இன்று இருக்கின்றன. தெரியாததால் பயன்படுத்தாதவர்கள்தான் அதிகம்.

* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சையும் இதில் அடங்கும். கார்டு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், ஆபரேஷனுக்கு முதல் நாள் அல்ல.
* சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் கட்டணம் கிடையாது. கூட வரும் ஒருவருக்கு இதே வகுப்புகளில் 75% சலுகை. மருத்துவமனையில் இதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும்.
* பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர்கள் இருப்பார்கள். தங்குமிடம், நிதியுதவி, சாப்பாடு எதற்கும் முதலில் அவர்களைக் கேட்கலாம். எங்கே கேட்பது என்றே தெரியாவிட்டால் 104 எண்ணுக்கு அழைக்கலாம்.
* சிகிச்சை தேதிகளை உங்க போனில் அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியோடு ஒரு நாள் நீங்களும் போய் வாருங்கள். அன்றைக்கு அவர் மகனால் வேலைக்குப் போக முடியும்.
* வலி குறைஞ்சுடுச்சு, போதும் என்று அவர் சொன்னால், டாக்டரிடம் பேசாமல் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

இதில் எதற்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. பெரிய பணமும் தேவையில்லை. யாராவது ஒருத்தர் இதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த முறை போட்டித் தேர்வில் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் முத்துலட்சுமி ரெட்டி என்று எழுதிவிட்டு ஒரு மார்க்கை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்குக் காலை அடையாறில் 27-வது ரேடியேஷனுக்காக வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏதோ ஓர் அம்மாவுக்கு அவர் முதல் ஆளா, இரண்டாவது ஆளா என்பது பெரிய விஷயமில்லை. இன்னும் சில நாள்தான் பாக்கி, முடிச்சுட்டுத்தான் ஊருக்குப் போகப் போறார்.